சாண்டரும் ரோட்டரி டூலும் காயமில்லாமல் பயன்படுத்த: ஓர் ஊஞ்சல் பலகையை வைத்து முழு வழிகாட்டி

போன வருடம் பெங்களூர் சிவாஜிநகரில் பழைய மரச்சாமான் விற்கும் கடை ஒன்றில் ஊஞ்சல் பலகை வாங்கினேன். ஆறடி நீளம், இரண்டடி அகலம், நல்ல தேக்கு. பல வருடப் பாலிஷ் கறுத்துக் கட்டிதட்டிப் போயிருந்தது. ஓரங்களில் கொடிப் பூவேலை, அதன் இடுக்கெல்லாம் அழுக்கு. நான்கு மூலையிலும் சங்கிலி மாட்டும் இரும்பு வளையங்கள் இருந்தன. அவற்றில் ஒன்றின் போல்ட் துருப்பிடித்து நட்டோடு ஒட்டிப்போயிருந்தது. அல்சூரில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டு பால்கனியில் வைத்து, ஐந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அதைச் சரிசெய்தேன்.

கையில் பிடித்து மரம் தேய்க்கும் சாண்டர், ரோட்டரி டூல் இரண்டிலும் பழக வேண்டியது கிட்டத்தட்ட எல்லாமே அந்த ஒரு பலகையில் வந்துவிட்டது. அதனால் அதையே வரிசையாகச் சொல்கிறேன். ஸ்ரீராமபுரத்தில் ஆசாரி வேலை செய்யும் என் சித்தப்பா முதல் நாள் என் கையைப் பார்த்துவிட்டுச் சொன்னது இது: "அமுக்காதடா. அது வேலைய அது பாத்துக்கும், நீ வழிய மட்டும் காட்டு." மரத்தில் சுழி விழுவது, டிஸ்க் உடைவது, மோட்டார் சூடாவது, விரல் மரத்துப்போவது என்று பின்னால் நான் கற்றுக்கொண்டவற்றில் பாதி, கையை அழுத்துவதில்தான் தொடங்கியது.

எந்த மெஷின் எதற்கு

பெரிய தட்டையான பரப்புக்கு ரேண்டம் ஆர்பிட்டல் சாண்டர். 125 மில்லிமீட்டர் வட்டத் தட்டு, அதில் வெல்க்ரோவில் ஒட்டும் உப்புத்தாள். தட்டு சுழன்றுகொண்டே சின்னச் சின்ன வட்டமாகவும் ஆடுவதால் ஒரே இடத்தில் கோடு விழாது. வீட்டு வேலைக்கு முதலில் வாங்க வேண்டியது இதுதான். சதுரத் தட்டுள்ள ஃபினிஷிங் சாண்டர் மூலைகளுக்கு நல்லது, ஆனால் மெதுவானது. பெல்ட் சாண்டர் மரத்தை வேகமாகத் தின்னும். ஒரு விநாடி ஒரே இடத்தில் நின்றாலும் பள்ளம் விழும், பிடி தளர்ந்தால் மெஷினே முன்னால் ஓடும். பழகாத கைக்கு அது வேண்டாம்.

ரோட்டரி டூல் என்பது பேனா போலப் பிடித்து வேலை செய்யும் சின்ன மெஷின். அமெரிக்காவில் 1932-இல் தொடங்கிய ட்ரெமெல் நிறுவனத்தின் பெயரையே கடையில் பலர் இதற்குப் பொதுப் பெயராகச் சொல்கிறார்கள். சாண்டரின் வேகம் நிமிடத்துக்குப் பன்னிரண்டாயிரம் சுற்றுக்குள் இருக்கும். ரோட்டரி டூல் முப்பத்தைந்தாயிரம் வரை போகும். 38 மில்லிமீட்டர் கட்டிங் டிஸ்க் அந்த வேகத்தில் சுழன்றால் அதன் விளிம்பு விநாடிக்கு ஏறக்குறைய 70 மீட்டர், அதாவது மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. மெஷின் உள்ளங்கையில் அடங்குகிறது என்பதால் நமக்குப் பயம் வருவதில்லை. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு கண்ணாடி போடாமல் நான் அதைத் தொட்டதில்லை.

ஆங்கிள் கிரைண்டரில் உப்புத்தாள் தட்டை மாட்டி மரம் தேய்ப்பவர்களை நம் ஊரில் நிறையப் பார்க்கலாம். பல இடங்களில் அதன் பாதுகாப்பு மூடியையும் கழற்றி வைத்திருப்பார்கள். அனுபவமுள்ளவர்களைப் பார்த்து நீங்கள் அதில் தொடங்காதீர்கள். மரம் அறுக்கும் பல் பிளேடை கிரைண்டரில் மாட்டவே கூடாது. அது சிக்கினால் மெஷின் கையைவிட்டுத் துள்ளும், துள்ளும் திசை பெரும்பாலும் உடம்பை நோக்கித்தான்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது

பெங்களூரில் இதற்கு எஸ்.ஜே.பி. ரோடு போதும். வரிசையாக ஹார்டுவேர் கடைகள், கன்னடம், இந்தி, தமிழ் எதில் கேட்டாலும் பதில் வரும். கடையிலேயே மெஷினை ஓடவிட்டுப் பாருங்கள். சாண்டரில் தூசிப் பை இருக்கிறதா, வாக்யூம் கிளீனர் குழாய் மாட்ட வாய் இருக்கிறதா, தட்டின் ஓட்டைகளும் தாளின் ஓட்டைகளும் பொருந்துகின்றனவா என்று கேளுங்கள். ஓட்டை பொருந்தாவிட்டால் தூசி உள்ளே இழுக்கப்படாமல் உங்கள் மூக்குக்கு வரும்.

ரோட்டரி டூலின் துணைச் சாமான்களில்தான் அதிக கவனம் வேண்டும். ஒவ்வொரு டிஸ்க், பிரஷ், கல் மீதும் அது தாங்கும் அதிகபட்சச் சுற்று எழுதியிருக்க வேண்டும். மெஷினை ஓட்டப்போகும் வேகம் அதைத் தாண்டவே கூடாது. கம்பி பிரஷ்களுக்குப் பொதுவாக எல்லை 15,000 சுற்றுதான். எதுவும் எழுதாத, பெட்டியில் நூற்றுக்கணக்கில் மலிவாக வரும் மெல்லிய பழுப்பு நிற டிஸ்க்குகளை நானும் ஒருமுறை வாங்கினேன். முதல் வேலையிலேயே ஒன்று மூன்று துண்டாகப் பறந்தது. ஒரு துண்டு என் கண்ணாடியில் பட்டு, அந்தக் கீறல் இன்னும் இருக்கிறது. உள்ளே ஃபைபர் வலை வைத்த டிஸ்க் கொஞ்சம் விலை கூட, ஆனால் அதைத்தான் வாங்குங்கள்.

உடம்பில் போடுவதும் கழற்றுவதும்

கழற்றுவதிலிருந்து தொடங்குகிறேன். மோதிரம், வளையல், கையில் கட்டிய கோயில் கயிறு, தொங்கும் சங்கிலி எல்லாம் வேண்டாம். தாலிச் சங்கிலியைக் கழற்ற மனமில்லாதவர்கள் அதைச் சட்டைக்குள் போட்டு மேல் பொத்தான் வரை பூட்டிக்கொள்ளுங்கள். துப்பட்டா, முந்தானை, தளர்ந்த முழுக்கைச் சட்டை, லுங்கி ஆகாது. பின்னலை மேலே தூக்கிக் கொண்டையாகக் கட்டுங்கள். சுழலும் தண்டில் ஒரு நூல் மாட்டினால் கையை இழுத்துக்கொள்ள நேரமே கிடைக்காது. இதே காரணத்துக்காக ரோட்டரி டூல் பிடிக்கும்போது தளர்ந்த துணிக் கையுறையும் வேண்டாம்.

போட வேண்டியவற்றில் முதலாவது பக்கங்களும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி. பவர் கண்ணாடி அதற்கு மாற்று ஆகாது, அதன் மேலேயே மாட்டும் வகை கிடைக்கிறது. டிஸ்க் வைத்து வெட்டும்போது முகக்கவசத் தகடும் சேர்த்து. அடுத்தது மாஸ்க். கைக்குட்டையும் சர்ஜிக்கல் மாஸ்க்கும் மரத்தூளில் பயன்படாது. என்95 அல்லது ஐஎஸ் 9473 முத்திரையுள்ள எஃப்எஃப்பி2 வகை வேண்டும். மூக்குப் பட்டையை அழுத்தி, விளிம்பில் காற்று கசியாமல் பாருங்கள். தாடி இருந்தால் கசியும்.

மரத்தூளை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. மூக்கு, மூக்கைச் சுற்றியுள்ள எலும்புக் குழிகள்தான் பாதிக்கப்படும் இடங்கள். ஆண்டுக்கணக்கில் இந்தத் தூளில் மூச்சுவிடும் ஆசாரிகளுக்கு ஆபத்து நம்மைவிடப் பல மடங்கு. சித்தப்பாவுக்கு மாஸ்க் டப்பா வாங்கிக் கொடுத்துச் சண்டை போட்டுத்தான் பழக்கினேன். தேக்குத் தூளும் ஈட்டித் தூளும் சிலருக்குத் தோல் அரிப்பும் தும்மலும் தரும். மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகையில் தூளோடு பசையில் உள்ள ஃபார்மால்டிஹைடும் சேரும். சுவர்ப் பட்டி, சிமெண்ட், கிரானைட் என்றால் பேச்சே வேறு. கிரானைட்டிலும் மணல் கலந்த சிமெண்டிலும் உள்ள சிலிக்கா நுரையீரலில் தங்கினால் வெளியே வராது. அவற்றை வாக்யூம் இல்லாமல் வீட்டுக்குள் தேய்க்காதீர்கள்.

காதுக்கு அடைப்பான் போடுங்கள். பலமான சத்தத்தில் போன கேட்கும் திறன் மீளாது.

கரண்ட் பற்றி ஒரு எச்சரிக்கை

இரண்டாவது ஞாயிறு சாண்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது. மெஷினைப் பலகை மேலேயே வைத்துவிட்டு டீ குடிக்க உள்ளே போனேன். சுவிட்ச் ஆன் நிலையில் பூட்டியிருந்ததை மறந்துவிட்டேன். பத்து நிமிடம் கழித்துக் கரண்ட் வந்தபோது சாண்டர் தானாக உயிர்பெற்று, பலகையில் ஓடி, பால்கனித் தரையில் விழுந்து சுற்றியது. என் மகள் அப்போதுதான் கதவருகே வந்திருந்தாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு விதி: கரண்ட் போனால் முதலில் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்க வேண்டும், டீ அப்புறம்தான். சுவிட்சைப் பூட்டும் பொத்தானைப் பழகும்வரை தொடவே வேண்டாம்.

வீட்டு மெயின் பெட்டியில் மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா பாருங்கள், அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் டிரிப் ஆக வேண்டும். சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி மெஷினில் இருந்தால் அது இரட்டைக் காப்பு உள்ளது. இரண்டு பின் பிளக் வருவது தவறில்லை. எக்ஸ்டென்ஷன் வயரை முழுதாக அவிழ்த்துப் போடுங்கள், சுருளாக இருந்தால் சூடாகும். மெஷினின் வயர் எப்போதும் தோளுக்குப் பின்னால் போகட்டும். மழைக்காலத்தில் பால்கனி ஈரமாக இருந்தால் அன்று வேலை இல்லை.

முதல் வேலை: இரும்பு

மரத்தூள் ஒரு பிடிகூட உண்டாவதற்கு முன்பே இரும்பு வேலையை முடித்துவிடுங்கள். தீப்பொறியும் மரத்தூளும் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது. சாண்டரின் பையில் மரத்தூள் இருக்கும்போது அதே சாண்டரால் ஆணியை, தகட்டைத் தேய்த்தால் பைக்குள் தீ பிடிக்கலாம்.

துருப்பிடித்த போல்ட்டை வெட்டிய முறை இது. பலகையை இரண்டு கிளாம்ப் வைத்து மேசையோடு இறுக்கினேன். சின்னப் பொருளாக இருந்தால் வைஸ் இடுக்கியில் பிடிக்க வேண்டும். ஒரு கையில் பொருளும் மறு கையில் மெஷினும் என்பது விரலை அறுத்துக்கொள்ளும் வழி. சுற்றியிருந்த மரத்தின் மேல் தகரத் துண்டு வைத்தேன். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். செய்தித்தாள், தின்னர் டப்பா, காயப்போட்ட துணி எல்லாவற்றையும் உள்ளே எடுத்துவிட்டேன். கீழே யாராவது நடந்தால் பொறி விழாதபடி கிரில்லில் தகரத் தடுப்பு.

டிஸ்க் மாட்டும்போது பிளக் பிடுங்கியிருக்க வேண்டும், பேட்டரி மெஷினில் பேட்டரி கழற்றியிருக்க வேண்டும். டிஸ்க்கின் தண்டு, அதை இறுகப் பிடிக்கும் காலெட்டுக்குள் நன்றாகப் போகட்டும், வெளியே நீளமாக நீட்டினால் அதிவேகத்தில் வளைந்து அடிக்கும். காலெட்டின் அளவும் தண்டின் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும், 3.2 மில்லிமீட்டர் காலெட்டில் 2.4 தண்டைத் திணித்து இறுக்கினால் பறக்கும். சுழலும் தண்டைப் பூட்டும் ஸ்பிண்டில் லாக் பொத்தான் மெஷின் முழுதாக நின்ற பிறகு மட்டும் அழுத்துவதற்கானது. டிஸ்க்கில் முடி போன்ற விரிசல் இருந்தால், கீழே விழுந்திருந்தால், தூக்கிப் போடுங்கள்.

மாட்டியதும் உடனே வெட்டாதீர்கள். முகத்தைவிட்டுத் தள்ளிப் பிடித்து ஒரு நிமிடம் சும்மா ஓடவிடுங்கள். உடைய வேண்டிய டிஸ்க் பெரும்பாலும் அந்த ஒரு நிமிடத்தில் உடைந்துவிடும். கம்பி பிரஷுக்கும் இதே விதி, தளர்ந்த கம்பிகள் ஊசிபோலப் பறக்கும்.

வெட்டும்போது டிஸ்க் சுழலும் கோட்டில் உங்கள் முகமோ கழுத்தோ இருக்கக் கூடாது, கொஞ்சம் பக்கவாட்டில் நில்லுங்கள். டிஸ்க் முழு வேகம் எடுத்த பிறகு இரும்பைத் தொடுங்கள். தொட்டு எடுத்து, தொட்டு எடுத்து வெட்டுங்கள். நேராக உள்ளே போனது நேராகவே வெளியே வர வேண்டும். வெட்டுக்குள் இருக்கும்போது பக்கமாகத் திருப்பினால் உடையும். வெட்டும் டிஸ்க்கின் பக்கத்தால் தேய்க்கவும் கூடாது. அந்த போல்ட்டுக்கு எனக்கு இரண்டு டிஸ்க்கும் இருபது நிமிடமும் ஆனது. முடித்த பிறகு அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்து புகை வருகிறதா என்று பார்த்தேன்.

பலகையின் மேல்பரப்பு

வேலை தொடங்கும் முன் பக்கத்து வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள். குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு பத்து முதல் காலை ஆறு வரை 45 என்பது 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் உள்ள அளவு. சாண்டர் பக்கத்தில் நின்றால் எண்பதைத் தாண்டும். எங்கள் கீழ்வீட்டில் கைக்குழந்தை இருந்ததால் காலை பதினொன்று முதல் ஒன்று வரை மட்டும் என்று பேசிவைத்தோம்.

ஆணி, ஸ்டேப்பிள் துண்டு எதுவும் மேலே நீட்டவில்லை என்று உள்ளங்கையால் அல்ல, ஒரு புட்டித் தகட்டால் தடவிப் பாருங்கள். பிறகு உப்புத்தாள், எண் கூடக் கூட அது நைசாக இருக்கும். பழைய பாலிஷை எடுக்க 80 எண் தாள், அப்புறம் 120, 180, கடைசியாக 220. ஒரு படியைத் தாண்டிக் குதித்தால் முந்தைய தாளின் கீறல் பாலிஷ் போட்ட பிறகுதான் தெரியும், அப்போது அழுதுதான் பயன். எல்லா இடமும் தேய்ந்ததா என்று தெரிய, ஒவ்வொரு தாளுக்கும் முன் பலகை முழுக்கப் பென்சிலால் லேசாகக் கிறுக்குங்கள். கிறுக்கல் மறைந்தால் அந்தத் தாளின் வேலை முடிந்தது.

ஆர்பிட்டல் சாண்டரை மரத்தின் மேல் தட்டையாக வைத்துவிட்டுச் சுவிட்ச் போடுங்கள். காற்றில் ஓடவிட்டு இறக்கினால் தட்டு கட்டுப்பாடில்லாமல் சுழன்று முதல் தொடுதலிலேயே பிறை போலக் கடிக்கும். மெஷினின் எடையும் உங்கள் கையின் எடையும் போதும். விநாடிக்கு ஓர் அங்குலம் என்ற வேகத்தில், மர நரம்பின் திசையில் நகர்த்துங்கள், ஒவ்வொரு வரியும் முந்தைய வரியின் பாதியை மூடட்டும். அழுத்தினால் தட்டு சுழல்வதை நிறுத்திவிட்டு ஆட மட்டும் செய்யும், பன்றிவால் போன்ற சுழிகள் விழும், தாள் அடைத்துக்கொள்ளும். தட்டின் விளிம்பில் ஒரு பேனாக் கோடு போட்டு வைத்தால் சுழல்கிறதா நின்றுவிட்டதா என்று பார்த்தே தெரிந்துகொள்ளலாம். ஓரத்தில் சாண்டரைச் சாய்க்காதீர்கள், சாய்த்தால் விளிம்பு உருண்டுவிடும். முடிக்கும்போது நேராக மேலே தூக்கி, அணைத்து, தட்டு முழுதாக நிற்கும்வரை கையிலேயே வைத்திருங்கள்.

தூசிப் பை பாதி நிரம்பியதுமே கொட்டுங்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மெஷினை வைத்துவிட்டு விரல்களை நீட்டி மடக்குங்கள். மெஷினோடு வரும் சிறு புத்தகத்தில் அதிர்வின் அளவு போட்டிருக்கும். ஐரோப்பிய விதிப்படி நாளொன்றுக்கு எட்டு மணி நேரக் கணக்கில் 2.5 மீட்டர்/விநாடி² தாண்டினாலே நிறுவனம் நடவடிக்கை எடுக்க வேண்டும். விரல் நுனி வெளுத்தாலோ, வேலை முடிந்து வெகுநேரம் ஊசி குத்துவது போல இருந்தாலோ, அன்றோடு நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

பூவேலை

இங்கே ரோட்டரி டூலின் வேகத்தைக் குறையுங்கள், பத்தாயிரம் சுற்றே போதும். வேகம் கூடினால் தேக்கு கருகும், கருகிய வாசனை வந்த இடத்தில் நிறம் திரும்ப வராது. 13 மில்லிமீட்டர் உப்புத்தாள் உருளை குழிவுகளுக்கு, உராய்வு நாரிழை பிரஷ் இடுக்குகளுக்கு. பேனா போலப் பிடியுங்கள், சுண்டு விரல் பலகையில் ஊன்றியிருக்கட்டும். முரட்டு வேலைக்கு மட்டும் உள்ளங்கையால் முழுதாகப் பிடிக்கலாம். காற்றுத் துளைகளை விரல் மூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் வேறொரு தேக்குத் துண்டில் முயன்று பாருங்கள். ஒரு திசையில் நகர்த்தினால் மெஷின் தானாக ஓடப் பார்க்கும், எதிர்த் திசையில் லேசாக முட்டும். முட்டுகிற திசையில்தான் வேலை செய்ய வேண்டும். ஓடுகிற திசையில் போனால் பூவின் இதழை ஒரே நொடியில் தின்றுவிடும். எங்கள் பலகையில் அப்படி ஒரு மொட்டு போய்விட்டது. மற்றவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை, எனக்கு ஊஞ்சலில் உட்காரும்போதெல்லாம் தெரிகிறது.

பெயின்ட் அடித்த பழைய கதவு, ஜன்னல் என்றால்

இதை மட்டும் சாண்டரால் தொடுவதற்கு முன் நிதானியுங்கள். வீட்டு பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2016-இல் வந்து, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சுகளில், குறிப்பாக எனாமலில், ஈயம் இருக்கலாம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஈயத் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும், கர்ப்பிணிகளுக்கும் ஆபத்து. நம் நாட்டில் ஈய நஞ்சைப் பற்றி விடாமல் பேசி வந்தவர் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியின் பேராசிரியர் துப்பில் வெங்கடேஷ். இத்தனை வருடம் பேசியும் பழைய கன்டோன்மென்ட் வீடுகளின் ஜன்னல்கள் திறந்த வெளியில் உலர்வாகத் தேய்க்கப்படுவதைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது.

அத்தகைய பெயின்ட்டை உலர்வாகத் தேய்க்காதீர்கள், சூடான காற்று ஊதும் ஹீட் கன்னால் கருக்கவும் வேண்டாம். பெயின்ட் ரிமூவர் பூசிச் சுரண்டுங்கள், அல்லது தண்ணீர்த் தாளால் ஈரமாகக் கையால் தேயுங்கள். சுரண்டியதைப் பிளாஸ்டிக் விரிப்பில் சேர்த்துக் கட்டுங்கள். அன்றைக்குப் போட்ட துணியைத் தனியாகத் துவையுங்கள். வேலை முடியும்வரை குழந்தைகள் வேறு வீட்டில் இருப்பது நல்லது.

அடிபட்டால்

வெட்டுக்காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, கையை இதயத்துக்கு மேலே உயர்த்துங்கள். ரத்தம் நிற்கவில்லை என்றால் 108. சின்னக் காயமாக இருந்தாலும் டெட்டனஸுக்கான டிடி ஊசி எப்போது போட்டீர்கள் என்று யோசியுங்கள். கண்ணில் வெறும் தூசி என்றால் சுத்தமான தண்ணீரால் கழுவலாம். கம்பியோ டிஸ்க் துண்டோ குத்தியிருந்தால் கழுவாதீர்கள், தேய்க்காதீர்கள், பிடுங்காதீர்கள். ஒரு பேப்பர் கப்பைக் கண் மேல் படாமல் கவிழ்த்து ஒட்டி, நேரே கண் மருத்துவமனைக்கு. சாமராஜ்பேட்டை மின்டோ அரசு கண் மருத்துவமனையை இதற்காகவே நினைவில் வைத்திருங்கள்.

தூசியும் எண்ணெய்த் துணியும்

வேலை முடிந்ததும் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், அடங்கிய தூசி மறுபடி எழும். வாக்யூம், இல்லையென்றால் ஈரத்துணி. மாஸ்க்கை எல்லாம் சுத்தமான பிறகு கடைசியாகக் கழற்றுங்கள். பழைய பாலிஷோடு சேர்ந்த தூசியைப் பையிலேயே இரவு விடாமல், மூடியுள்ள தகர டப்பாவில் போட்டு வெளியே வையுங்கள்.

ஐந்தாவது ஞாயிறு பலகைக்கு லின்சீட் ஆயில் பூசினேன். அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து காயும்போது சூடு உண்டாகும். நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் சில மணி நேரத்தில் தானாகவே பற்றிக்கொள்ளும், நெருப்புக்குச்சி தேவையில்லை. அதனால் துணிகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, ஒன்றின் மேல் ஒன்று படாமல், பால்கனிக் கொடியில் கிளிப் போட்டுக் காயவிட்டேன். இரண்டு நாள் கழித்து விறைத்துக் காய்ந்த பிறகே குப்பைக்குப் போயின.